விசிறி வாழையா, கொக்கு வாழையா?



இந்தக் கட்டுரை ஒரு செடியையும் அதன் பூவையும் பற்றியது. விளக்கக் கட்டுரை எழுதும் முறையைப் பற்றியதும்கூட. இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன்? காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மாணவன் சரியாக எழுதியதை நான் பிழை என்று திருத்தினேன்.

நான் போட்ட தவறான வட்டம்

ஜெலுத்தோங்கில் வசிக்கும் பிள்ளைகள் பலர் என் வகுப்பில் இருக்கிறார்கள். படிவம் நான்கு மாணவர்களுக்கு "என் வசிப்பிடத்தில் நான் கண்ட ஒரு தாவரம்" என்ற தலைப்பைக் கொடுத்திருந்தேன். பெரும்பாலோர் ரோஜாவும் செம்பருத்தியும் எழுதினார்கள். ஒருவன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: "எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் ஒரு வாழை இருக்கிறது. அது குலை தள்ளாது. அதன் பூ கொக்கு மாதிரி இருக்கும். கொண்டை வெள்ளை, நாக்கு நீலம். பாட்டி அதைக் கொக்கு வாழை என்பார்."

எனக்கு உடனே விசிறி வாழைதான் நினைவுக்கு வந்தது. வாழைபோல் இலை, ஆனால் குலை தள்ளாது என்றால் அது விசிறி வாழையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். "கொக்கு வாழை" என்பதை வட்டமிட்டு, ஓரத்தில் "விசிறி வாழை" என்று எழுதினேன். "நாக்கு நீலம்" என்பதன்மேல் ஒரு கோடு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் எழுந்து நின்று, "டீச்சர், அது நெசமாவே நீலமாத்தான் இருக்கும்" என்றான்.

"வாழைக்கு ஏதுடா நீல நாக்கு?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த இரண்டு கட்டுரைகளையும் அவன் பயிற்சி நூலில் இருந்து மனப்பாடம் செய்து எழுதினான். பிழை குறைவு, புள்ளி கூடுதல். நானும் "முன்னேற்றம்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஜெலுத்தோங் சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் ஓர் அடுக்குமாடிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கதவைத் திறந்து நிமிர்ந்து பார்த்தால், இரண்டு ஆள் உயரத்திற்கும் மேலே, இலைகளுக்கு நடுவில், கறுத்த அலகும் வெள்ளைக் கொண்டையுமாக ஒரு பூ. அதன் நடுவில் அம்பு போல நீட்டிக்கொண்டிருந்தது நீல நிற நாக்கு.

மீன் வாங்க மறந்துபோனேன். மாணவன் தன் கண்ணால் பார்த்ததை எழுதியிருந்தான். நான் பார்க்காமலே திருத்தியிருந்தேன்.

அன்று மாலையிலிருந்து அந்தச் செடியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வகுப்பில் பயன்படும்.

மூன்றும் ஒன்றல்ல

அந்தச் செடியின் அறிவியல் பெயர் ஸ்ட்ரெலிட்சியா நிக்கோலாய். தமிழில் "சொர்க்கப் பறவைச் செடி" என்று பொதுவாக அழைக்கப்படும் இனத்தில் இது பெரியது, வெள்ளைப் பூ உடையது. ஆரஞ்சும் நீலமுமாகப் பூக்கும் சிறிய வகையைப் பூங்கொத்துகளில் பார்த்திருப்பீர்கள். அது ஸ்ட்ரெலிட்சியா ரெஜினே. அது இடுப்பளவோ ஆளுயரமோதான் வளரும். நிக்கோலாய் 6, 7 மீட்டருக்கும் மேல் போகும். இந்த இனத்தில் மொத்தம் 5 வகைகள் உள்ளன. ஐந்துக்கும் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்பகுதி.

நம் மாணவர்கள் (அவர்களின் ஆசிரியர்களும்தான்) குழப்பிக்கொள்ளும் மூன்று செடிகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, வாழை. இலைகள் தண்டைச் சுற்றிச் சுற்றி நாலாபுறமும் விரியும். "மரம்" என்று நாம் சொல்வது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலைப் பட்டைகள். பூ கீழ்நோக்கித் தொங்கும். ஒரு முறை குலை தள்ளியதும் அந்தத் தண்டு மடிந்துவிடும். பக்கத்தில் கன்று வரும். "வாழையடி வாழையாக" என்ற மரபுத்தொடர் பிறந்தது இப்படித்தான்.

இரண்டாவது, விசிறி வாழை. இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. இலைகள் வலம் ஒன்று, இடம் ஒன்று என்று இரண்டே வரிசையில் அடுக்கி, கையை விரித்தாற்போல ஒரே தளத்தில் நிற்கும். உயரமான ஒற்றைத் தண்டு. இலைக்காம்பின் அடியில் மழைநீர் தேங்கும். வழிப்போக்கர்கள் அதைக் குடித்தார்கள் என்ற கதையால் ஆங்கிலத்தில் "பயணிகளின் பனை" என்று பெயர். ஆனால் அது பனை இல்லை. மலாய்மொழியில் "பீசாங் கீப்பாஸ்" என்கிறார்கள், அதாவது விசிறி வாழை. இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே வடிவம்தான் கண்ணில் பட்டிருக்கிறது பாருங்கள். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டல் சின்னத்தில் இருப்பதும் இந்தச் செடிதான். இதன் பூ வெளிறிய வெண்மை. பூவை மூடும் பாளைகள் பச்சை. நீல நாக்கு கிடையாது.

மூன்றாவது, நம் கதையின் நாயகன், பெரிய சொர்க்கப் பறவைச் செடி. இதற்கும் இலைகள் இரண்டு வரிசைதான். அதனால்தான் விசிறி வாழை என்று ஏமாந்துபோகிறோம். ஆனால் இது அடியில் பல கன்றுகள் விட்டுப் புதராக நிற்கும். விசிறியும் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. பூ வந்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. கறுநீலப் பாளை, வெள்ளை இதழ், நீல அம்பு.

விசிறி வாழையும் சொர்க்கப் பறவைச் செடியும் ஒரே குடும்பம். ஆகவே என் திருத்தம் முழுக்க முழுக்க அபத்தம் இல்லை, அண்ணனைத் தம்பி என்று சொன்ன கதைதான். ஆனால் தம்பியைத் தம்பி என்று சொன்னவனுக்கு அல்லவா நான் புள்ளியைக் குறைத்தேன்!

இவை இரண்டுக்கும் வாழை சற்றுத் தூரத்துச் சொந்தம். வாழை, இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், கல்வாழை எல்லாம் தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. சாம்பார் கொதிக்கும் அடுப்படியிலேயே இந்தச் செடியின் பங்காளிகள் பாதிப் பேர் இருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பூக்கடைகளிலும் வீட்டு வாசல்களிலும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தில் நண்டின் கொடுக்குபோல் இருக்கும் ஹெலிக்கோனியாவையும் பலர் "சொர்க்கப் பறவை" என்றே சொல்கிறார்கள். ஹெலிக்கோனியாவில் நம் கண்ணைப் பறிக்கும் நிறம் பூவினுடையது அல்ல. பூவை மூடியிருக்கும் மடலின் நிறம். உண்மையான பூ அதற்குள் சிறியதாக ஒளிந்திருக்கும்.

பூவைப் பிரித்துப் பார்ப்போம்

தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு பறவையின் தலை. பக்கத்தில் போனால் ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும் உறுப்பு.

கொக்கின் அலகுபோல் தெரிவது பாளை. படகு வடிவில், தடித்து, கறுநீலமாகப் படுக்கைவாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். நிக்கோலாய் வகையில் ஒரு பாளைக்குள் இருந்து இன்னொரு பாளை எழும்பி, படகுகளை அடுக்கி வைத்ததுபோல் நிற்கும். ஒரு பாளைக்குள் பல பூக்கள் இருக்கும். எல்லாம் ஒரே நாளில் வெளிவராது. ஒன்றன்பின் ஒன்றாகத் தலைநீட்டும். அதனால்தான் ஒரே பாளை பல நாள் பூத்துக்கொண்டே இருப்பதுபோல் தெரிகிறது.

கொண்டைபோல் தெரியும் மூன்று வெள்ளை இதழ்களும் புல்லி இதழ்கள். நடுவில் இருக்கும் நீல நாக்குதான் அல்லி இதழ். சரியாகச் சொன்னால் இரண்டு அல்லி இதழ்கள் இணைந்து அம்பு வடிவம் ஆகியிருக்கின்றன. மூன்றாவது அல்லி இதழ் மிகச் சிறியது. அடியில் தேன் இருக்கும் இடத்தருகே நிற்கிறது. அந்த நீல அம்புக்குள் 5 மகரந்தத்தாள்களும் சூல்தண்டும் மறைந்திருக்கின்றன. சூல்முடி மட்டும் அம்பின் நுனியைத் தாண்டி வெளியே நீளும்.

மகரந்தத்தை ஏன் மூடி வைத்திருக்கிறது? இந்த "ஏன்" என்ற கேள்வியில்தான் விளக்கக் கட்டுரை தொடங்குகிறது. ரெஜினே வகையில் இதைத் தெளிவாகக் கவனித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் தூக்கணாங்குருவி இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை தேன் குடிக்க வந்து நீல அம்பின்மேல் உட்காருகிறது. அதன் எடையில் இதழ்களின் ஓரங்கள் பிளந்து, மகரந்தம் பறவையின் காலில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவில் போய் உட்காரும்போது அந்த மகரந்தம் சூல்முடியில் படுகிறது. நிக்கோலாயைத் தேடி வருபவை தேன்சிட்டுகள். பறவை இல்லாத நேரத்தில் மழையோ வெயிலோ மகரந்தத்தைக் கெடுக்காது. வந்து உட்கார்ந்தால்தான் கதவு திறக்கும்.

சொர்க்கப் பறவை என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பெயருக்குரிய உண்மையான பறவைகள் நியூ கினித் தீவிலும் அதன் அக்கம்பக்கத்திலும் வாழ்பவை. மலாயில் "செண்டெராவாசே" என்கிறோமே, அவைதான். ஆப்பிரிக்கச் செடி அந்தப் பறவையைப் பார்த்ததே இல்லை. மனிதன் பார்த்து, ஒப்பிட்டு, பெயர் வைத்தான். அது ஓர் உவமைப் பெயர்.

நம் மாணவனின் பாட்டியும் அதையேதான் செய்திருக்கிறார். கொக்கு வாழை. இதில் என்னை அசரவைத்தது என்ன தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் ரெஜினேவை ஆங்கிலத்தில் "நாரைப் பூ" என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் செடி பிறந்த ஊர்க்காரர்களும் ஜெலுத்தோங் பாட்டியும் ஒரே மாதிரிப் பார்த்திருக்கிறார்கள். நிக்கோலாய்க்கு அங்கே இன்னொரு பெயர், "நேட்டால் காட்டு வாழை". கொக்கையும் வாழையையும் சேர்த்தால் பாட்டி வைத்த பெயர் வந்துவிடுகிறது.

விதையில் ஓர் அதிசயம்

இந்தச் செடி வாழைப்பழம் தராது. காய் பிடித்தால் மரக்கட்டைபோல் காய்ந்து மூன்றாக வெடிக்கும். உள்ளே கறுப்பு விதைகள். ஒவ்வொரு விதையின் தலையிலும் ஆரஞ்சு நிறத்தில் கம்பளிநூல் சுருட்டி வைத்ததுபோல் ஒரு குஞ்சம். பினாங்குக்காரர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். ஜாதிக்காய் விதையைச் சுற்றிச் சிவப்பு வலைபோல் ஜாதிபத்திரி இருக்கும் அல்லவா? அந்த வகை உறுப்புதான் இது.

அந்த ஆரஞ்சு நிறத்தை ஆராய்ந்தவர்கள் 2009இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா அனைத்துலகப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி பிரோனும் அவருடைய குழுவினரும் நிக்கோலாயின் விதைக் குஞ்சத்தில் பிலிருபின் என்ற நிறமி இருப்பதைக் கண்டறிந்தார்கள். பிலிருபின் எது? நம் உடம்பில் பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாவது. அடிபட்ட இடம் சில நாளில் மஞ்சளாக மாறுவதும், மஞ்சள் காமாலையில் கண் மஞ்சளாவதும் அதனால்தான். அதுவரை அதை விலங்குகளுக்கு மட்டுமே உரிய நிறமி என்று எண்ணியிருந்தார்கள். ஒரு தாவரத்தில் அது கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. விதை காய்ந்துபோன பிறகும் அந்த ஆரஞ்சு நிறம் எளிதில் மங்குவதில்லை.

விசிறி வாழையின் விதைக்கு என்ன நிறக் குஞ்சம் என்று நினைக்கிறீர்கள்? பளீரென்ற நீலம்! ஒன்றுக்குப் பூவில் நீலம், விதையில் ஆரஞ்சு. மற்றதற்குப் பூவில் நீலமே இல்லை, விதையில் நீலம். மாணவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், பிறகு இரண்டையும் குழப்பவே மாட்டார்கள்.

பெயருக்குள் நம் ஊர்

இந்தச் செடிக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இருக்கிறது.

1773இல் பிரான்சிஸ் மாசன் என்ற தாவர சேகரிப்பாளர் தென்னாப்பிரிக்காவில் இருந்து ரெஜினே வகையை இலண்டனின் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். அந்தத் தோட்டத்தைக் கவனித்துவந்த ஜோசப் பேங்க்ஸ், அன்றைய இங்கிலாந்து அரசி சார்லட்டைச் சிறப்பிக்க அதற்குப் பெயர் சூட்டினார். சார்லட் பிறந்தது ஜெர்மனியின் மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் அரச குடும்பத்தில். அந்த "ஸ்ட்ரெலிட்ஸ்" என்பதே ஸ்ட்ரெலிட்சியா ஆனது.

சார்லட்டின் கணவர் யார்? மூன்றாம் ஜார்ஜ் மன்னர். 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியபோது, தீவுக்கு "வேல்ஸ் இளவரசர் தீவு" என்று பெயர் வைத்தார். அந்த இளவரசர் ஜார்ஜ் மன்னரின் மூத்த மகன். நகருக்கோ மன்னரின் பெயர், ஜார்ஜ் டவுன். ஆக, தீவுக்கு மகன் பெயர், நகருக்கு அப்பா பெயர், அடுக்குமாடிக்குப் பின்னால் நிற்கும் செடிக்கு அம்மா பெயர்!

இலக்கணம் படிக்கும் மாணவர்களுக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. "ரெஜினே" என்பது இலத்தீன் சொல், "அரசியினது" என்று பொருள். "நிக்கோலாய்" என்பதும் அதே அமைப்புதான். ரஷ்ய அரச குடும்பத்து நிக்கோலாய் ஒருவரின் பெயரால் வந்தது, "நிக்கோலாயினது" என்று பொருள். நம் ஆறாம் வேற்றுமை செய்யும் வேலையை அங்கே சொல்லின் ஈறு செய்கிறது. வேற்றுமை உருபு கற்பிக்கும் நாளில் இதை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பாருங்கள்.

நேட்டால் என்ற பெயரையும் தமிழர்கள் கடந்துபோக முடியாது. சென்னையில் இருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய டுரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவர்கள் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே நூற்றாண்டில், கடலுக்கு இந்தப் பக்கம், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். டர்பன் கரையோரத்தில் இந்தக் காட்டு வாழை யாரும் நடாமலே வளர்ந்து நிற்பது. அங்கே அது மண்ணின் செடி, இங்கே அது கடல்தாண்டி வந்த செடி. நம் முன்னோர்களின் கதையும் கிட்டத்தட்ட அதுதானே.

சொற்கள் நம் கையிலேயே இருக்கின்றன

"செடியைப் பற்றி எழுத எங்களுக்குத் தமிழ்ச்சொல் தெரியாது டீச்சர்" என்பது மாணவர்கள் சொல்லும் முதல் காரணம். நான் மேலே என்ன சொற்களைப் பயன்படுத்தினேன் என்று திரும்பிப் பாருங்கள். பாளை, மடல், பட்டை, தண்டு, குலை, கன்று, குஞ்சம். இவற்றில் எது புதிய சொல்? வாழைப்பூ ஆய்ந்த வீட்டில் மடல் தெரியும். தென்னை இருக்கும் வீட்டில் பாளை தெரியும்.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் பழைய ஒழுங்கு ஒன்றும் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவை புல். உட்புறம் வைரம் பாய்ந்தவை மரம். "காழ்" என்றால் வைரம், கடினமான பகுதி. ஆகவே புறக்காழ், அகக்காழ். தென்னையையும் பனையையும் நாம் பேச்சில் மரம் என்றாலும், இந்தக் கணக்கில் அவை புல். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை போன்ற சொற்கள் புல்லினத்துக்கு உரியவை என்றும், இலை, தளிர், அரும்பு போன்றவை மரத்துக்கு உரியவை என்றும் மரபியல் வகுத்துச் சொல்கிறது. தென்னங்கீற்றை "தென்னை இலை" என்றும் மாவிலையை "மா ஓலை" என்றும் எழுதினால் மரபுப் பிழை என்று நாம் திருத்துவது இதனால்தான்.

இன்றைய தாவரவியலும் தென்னை, பனை, மூங்கில், வாழை, சொர்க்கப் பறவைச் செடி எல்லாவற்றையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒன்றாகவே வைக்கிறது. எனவே நிக்கோலாயின் படகு வடிவ உறுப்புக்குப் "பாளை" என்று பெயர் சொல்வது வெறும் வசதிக்காக அல்ல. அந்தச் சொல்லின் இடமே அதுதான்.

பார்த்ததை விளக்கமாக மாற்றுவது

வருணனை என்றால் "எப்படி இருக்கிறது" என்று சொல்வது. விளக்கம் என்றால் "ஏன் அப்படி இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது" என்று சொல்வது. மாணவர்கள் பலரும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதல் எடுத்துக்காட்டு: "அந்தச் செடியின் இலைகள் மிகவும் அழகாக இருக்கும். அவை பெரியவை. காற்றில் கிழிந்து ஆடும். பார்ப்பவர் மனத்தைக் கவரும்."

இரண்டாம் எடுத்துக்காட்டு: "அந்தச் செடியின் இலை ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் வரை வளரும். நரம்புகள் நடுநரம்பில் இருந்து ஓரத்தை நோக்கி இணைகோடுகளாக ஓடுகின்றன. பலத்த காற்று வீசும்போது இலை அந்தக் கோடுகளின் வழியே கிழிகிறது. கிழிந்த இடைவெளியில் காற்று புகுந்து வெளியேறுவதால் தண்டு முறியாமல் தப்பிக்கிறது. ஆகவே கிழிந்த இலையைக் கண்டு செடி நோயுற்றது என்று எண்ணக்கூடாது."

முதல் பத்தியில் எழுத்துப்பிழை இல்லை. ஆனால் அதைச் செம்பருத்திக்கும் எழுதலாம், தேக்குக்கும் எழுதலாம். இரண்டாவதை இந்த மாதிரி இலைக்கு மட்டும்தான் எழுத முடியும். உங்கள் பத்தியை வேறு எந்தச் செடிக்கும் மாற்றிப் பொருத்த முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடிந்தால் நீங்கள் இன்னும் விளக்கத் தொடங்கவில்லை என்று பொருள்.

மாணவர்களே, மனப்பாடம் செய்த கட்டுரை தேர்வில் கொஞ்சம் கைகொடுக்கலாம். ஆனால் தலைப்பு சற்று மாறினாலே கைவிட்டுவிடும். நீங்களே பார்த்த ஒன்று கைவிடாது.

வகுப்பில் செய்து பார்க்க

ஆசிரியர்களே, இந்த நான்கு நடவடிக்கைகளையும் என் வகுப்பில் செய்து பார்த்தேன். இரண்டு பாடவேளை போதும்.

1. வீட்டருகே உள்ள ஒரு செடியை 10 நிமிடம் பார்த்து, அதில் கண்ட 5 செய்திகளை மட்டும் எழுதி வரச்சொல்லுங்கள். "அழகு", "மனத்தைக் கவரும்" ஆகிய சொற்களுக்குத் தடை. படம் எடுத்துப் புலனத்தில் அனுப்பலாம். ஆனால் குறிப்பைப் படம் பார்த்து எழுதாமல் செடியைப் பார்த்தே எழுத வேண்டும்.

2. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் "ஏன்?" என்று எழுதச் சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு வரட்டும்.

3. வீட்டில் பெரியவர்கள் அந்தச் செடியை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேட்டு வரச்சொல்லுங்கள். மலாய்ப் பெயரையும் கேட்கட்டும். மூன்று பெயர்களும் செடியின் எந்தப் பகுதியைப் பார்த்து வைக்கப்பட்டவை என்று வகுப்பில் பேசுங்கள்.

4. பிறகுதான் கட்டுரை. பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால், "எங்கள் வீட்டில் இப்பெயரால் அழைக்கும் செடி" என்று எழுதலாம். அது பிழையல்ல, நேர்மை.

ஆசிரியர்களுக்கு ஐந்தாவதாக ஒன்று. எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. மாணவன் தன் கண்ணால் பார்த்ததாக எழுதியதை, நான் போய்ப் பார்க்கும்வரை சிவப்பு மையால் தொடமாட்டேன். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான்.

முடிக்கும் முன்

அந்தத் திங்கட்கிழமை வகுப்பில், கைத்தொலைபேசியில் நான் எடுத்த படத்தைத் திரையில் காட்டினேன். "நாக்கு நீலம்தான். நான்தான் தப்பு" என்றேன். அந்தக் கட்டுரையை வாங்கி வட்டத்தை அடித்துவிட்டு, புள்ளியைத் திருத்திக் கையொப்பமிட்டேன். அவன், "பரவால்ல டீச்சர்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டுரையையும் பயிற்சி நூலைப் பார்த்துத்தான் எழுதினான். ஒரு நிமிடத்தில் வகுப்பைச் சிரிக்க வைத்துவிடலாம். அதைச் சரிசெய்ய ஒரு தவணைகூடப் போதாது என்று அப்போது புரிந்தது.

போன வாரம் அவன் ஒரு தாளை நீட்டினான். நான் கொடுத்த பயிற்சி அல்ல, அவனாகவே எழுதியது. அரைப்பக்கம், ஏழு எழுத்துப்பிழைகள். ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர், அதன் பாலைச் சூயிங்கம் செய்யப் பயன்படுத்தினார்கள், அதன் மெல்லிய மரத்தில் பென்சில் செய்கிறார்கள் என்று தேடிப் படித்து எழுதியிருந்தான். கடைசி வரியில் ஒரு கேள்வி: "நம்ம ஊர் பெயரே மரத்தின் பெயர், ஆனால் நான் அந்த மரத்தைப் பார்த்ததே இல்லை, டீச்சர் பார்த்திருக்கீங்களா?"

இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். வருகிற விடுமுறையில் தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்கு வகுப்போடு போகலாம் என்று இருக்கிறோம். 1884இல் தொடங்கிய பூங்கா அது. எத்தனையோ தைப்பூசத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறேன், ஒரு முறைகூட மரங்களை நின்று பார்த்ததில்லை. இந்த முறை குறிப்பேடோடு போகிறோம். பிழைகளை வந்து திருத்திக்கொள்ளலாம்.